டஸ்கனியிலிருந்து வந்த தக்கை

என் மேசை இழுப்பறையில் ஓர் ஒயின் பாட்டிலின் தக்கை கிடக்கிறது. ஒரு முனையில் சிவப்புக் கறை, நடுவில் திருகு இறங்கிய ஓட்டை. மோந்தால் இப்போது வெறும் மரவாசம்தான். பாட்டிலைத் திறந்த அன்று அதில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றம் அடித்தது. அந்த நாற்றம் என் மூக்குக்குத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். தெரிந்தவர், பர் துபாயில் நாங்கள் வேலை பார்த்த ஹோட்டலின் மது ஸ்டோரைக் கவனித்துக்கொண்டவர். எல்லாருக்கும் அவர் ஸ்டோர்க்காரர்.

பதினோரு வருடம் இத்தாலி பாட்டில்களை அடுக்கியவர், ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், பாரில் வேலை பார்க்கிறவனுக்கா பெண் என்று மாமனார் முறுக்கிக்கொண்டாராம். “நான் தொடமாட்டேன்” என்று இவர் சொன்ன ஒரே வார்த்தையை நம்பி அந்தப் பெண் சம்மதித்திருக்கிறாள். லீவுக்குப் போனால், கோவில்பட்டி வீட்டு வாசலில் பெட்டியை இறக்குவதற்குள், “எங்க, ஊதுங்க பாப்போம்” என்பாளாம், வண்டியை மறித்த போலீஸ்காரர் மாதிரி. ஊதிக் காட்டினால்தான் உள்ளே விடுவாள். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற சிரிப்பைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

கொள்முதல் மேலாளர் பதவி காலியானபோது போட்டியில் இருந்தது நாங்கள் இருவர்தான். எனக்கு அது ஒரு படி ஏற்றம், அவ்வளவுதான். அவருக்கு அது ஃபேமிலி விசா. அந்தப் பதவி கிடைத்தால் மனைவியையும் மகளையும் அழைத்து வரலாம். கிடைக்காவிட்டால் நான்கு பேர் ரூமில் அதே மேல்கட்டில். புது வருடத்துக்கான ஒயின்களைத் தேர்ந்தெடுக்க ஹோட்டல் டைரக்டர் எங்கள் இருவரையும் இத்தாலியின் டஸ்கனிக்கு அழைத்துப் போனார். கடைசிநாள் ருசிபார்ப்பில் முடிவு செய்வேன் என்று விமானத்திலேயே சொல்லிவிட்டார்.

தினமும் ஒரு திராட்சைத் தோட்டம், தினமும் பத்துப் பன்னிரண்டு கிளாஸ். நான் குடிப்பேன், அவர் மோந்து பார்ப்பதோடு சரி. மறுநாள் காலை நான் தலையைப் பிடித்துக்கொண்டு காப்பிக்கு வரும்போது, ஸ்டோர்க்காரர் ஊரையே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருப்பார். கல் பாவிய சந்துகள், பழைய மதில், அதன்மேல் நடக்கும் வழி, கோபுரத்துக்கு எத்தனை படி, எல்லாம் அவருக்குத் தெரியும். அந்த மலையூர்களில் நான் பார்த்தது பாட்டில்களை மட்டும்தான். ஃப்ளாரன்ஸில் ஓர் அருங்காட்சியகத்தில், விருந்து மேசையை வரைந்த பெரிய ஓவியத்தின் முன் அவர் நகராமல் நின்றுவிட்டார். “அந்தக் கிளாஸ்ல உள்ளது பழைய சரக்கு அண்ணாச்சி. ஓரத்துல செங்கல் நிறம் தெரியுது பாத்தியளா?” என்றார். நான் அதுவரை அந்தக் கிளாஸையே பார்த்திருக்கவில்லை.

கடைசிநாள் பஸ்ஸில், “வாயில வச்சுட்டுத் துப்பிருங்களேன், தொழில்ல உள்ளவங்க எல்லாரும் அப்படித்தான செய்யுதாங்க?” என்றேன். நல்லவனாட்டம்தான் சொன்னேன், அவர் மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

“துப்புனாலும் வாயில பட்டது பட்டதுதான? சொன்ன வார்த்தைய விட்டுட்டு அவள அங்க கூட்டியாந்தா, வாசல்ல நின்னு எப்படி ஊதுவேன்?”

ருசிபார்ப்பில் ஆறு கிளாஸ். நான்காவதைக் குடித்துவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டு, காட்டு மண்ணின் வாசம் இருக்கிறது, நல்ல ஆழம் என்று அளந்துவிட்டேன். டைரக்டரும் தலையாட்டினார். ஸ்டோர்க்காரர் ஒருமுறை மோந்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார். “இது கெட்டுப்போச்சு. தக்கைக் கோளாறு. நனஞ்ச அட்டப்பெட்டி நாத்தம் அடிக்கி.” தோட்டத்தின் சொந்தக்காரக் கிழவர் வாங்கி மோந்தார், முகம் சுருங்கியது. கிளாஸைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, அந்தத் தக்கையை ஸ்டோர்க்காரர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும், குடிக்காதவரைக் கொள்முதலில் உட்கார வைக்க முடியாது என்றுவிட்டார் டைரக்டர். கடிதம் என் பெயருக்கு வந்தது. தயங்கினேன் என்று எழுத ஆசைதான். தயங்கவில்லை. முதலில் வந்து கை கொடுத்தவர் அவர்தான். “கலாஸ் அண்ணாச்சி, இது முடிஞ்சுது. அடுத்ததப் பாப்போம்.” அன்று முதல் டூட்டி முடிந்ததும் தினமும் ஒரு விண்ணப்பம். வந்த மறுப்புகளை அவர் பொருட்படுத்தவே இல்லை. ஏழாவது மாதம் குவைத்தில் ஒரு ஹோட்டலில், அதே மேலாளர் பதவி. மதுவே விற்கக்கூடாத நாட்டில் சமையலறைக்கு எண்ணெயும் மசாலாவும் வாங்கும் வேலை. கிளம்பும்போது தக்கையை என் மேசையில் வைத்தார். “ஏர்போர்ட்ல பையத் தொறந்தா எனக்கு வம்பு. நீங்க வச்சுக்கிடுங்க, ஒங்களுக்குத்தான் தேவைப்படும்.”

போன குளிர்காலத்தில் குவைத்தின் ஃபர்வானியாவில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் காத்திருந்தபோது மணி அடித்தது. மனைவி கதவைத் திறந்து, நிலையில் கையைக் குறுக்கே வைத்து நின்றாள். “எங்க, ஊதுங்க பாப்போம்.” “அம்மா, நாட் அகெய்ன்!” என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள். தேடினாலும் ஒரு பாட்டில் வாங்க முடியாத ஊரில், நாள் முழுக்க மல்லித்தூள் மோந்துவிட்டு வந்த மனிதர், பையைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, ஊதினார்.

இன்று மதியம் ஆறு கிளாஸ் ருசிபார்த்துவிட்டு வந்து இழுப்பறையைத் திறந்தேன். தக்கையை எடுத்து மோந்தேன். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, என் உள்ளங்கையில் ஒருமுறை ஊதிப் பார்த்தேன்.