கைராசிக்கு ஒரு பக்கம்

என் மனைவிக்கு இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்த அன்று, மூன்று பேர் என்னைக் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. விழுப்புரத்தில் நான் ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் அடிப்பேன் என்றாலும், கடை ஓடுவது கண்ணீர் அஞ்சலியில்தான். கல்யாணத்துக்கு நாலு கடை ஏறி இறங்கி விலை பேசுகிறவன், சாவுக்கு முதல் கடையிலேயே நின்றுவிடுவான். அதே வேலையில் பழகிய கை, மனைவியின் படத்தைப் பார்த்ததும் தானாக ஒரு நீள்வட்டம் போட்டது. பின்னால் வெளிர்நீல மேகம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. இருந்த படங்களில் அவள் கண்ணை மூடி மூச்சுப்பயிற்சி செய்யும் படம்தான் சாந்தமாக இருந்தது. அதையே வைத்தேன்.

மேல்மலையனூரில் இருக்கும் என் அக்காதான் முதலில் கூப்பிட்டாள்.

“இன்னாடா ஆச்சு அவளுக்கு? நேத்து கூட பேசிக்கினு இருந்தாளே.”

“ஒன்னும் ஆவலக்கா. விளம்பரம்.”

“விளம்பரத்துக்கு எதுக்குடா வெளக்கு ஏத்தி வச்சிருக்க?”

மனைவி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். “மால ஒன்னுதான் கொறச்சல். அதையும் போட்டுட்டு நிம்மதியா உக்காருங்க” என்றாள்.

அவள் தொடங்கிய வேலைக்கு எங்கள் ஊரில் பெயரே கிடையாது. வெளியே டூலா என்கிறார்கள். நான் பிரசவத் துணை என்று போட்டேன். மருத்துவச்சி இல்லை, நர்ஸ் இல்லை, ஊசி மருந்து எதையும் தொடமாட்டாள். வலி எடுத்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் தேய்த்துவிட்டு, கூடவே மூச்சுவிட்டுக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறதென்று அவளுக்கும் வீட்டாருக்கும் சொல்லிக்கொண்டு கடைசிவரை உடனிருப்பதுதான் வேலை. திண்டிவனத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவள் அவள். பக்கத்துக் கதவு வழியாகத் தினமும் கேட்ட சத்தம் வீட்டுக்கும் கூடவே வந்ததாம். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, பாண்டிச்சேரியில் இதற்கென்று ஒரு பயிற்சிக்குப் போய் வந்தாள்.

பயிற்சி கொடுத்தவர்கள் இணையத்தில் உங்களுக்கென்று ஓர் இருப்பு வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பொறுப்பை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். விளக்கை எடுத்துவிட்டுத் தாமரை வைத்தேன். வரைபடத்தில் எங்கள் வீட்டுக்குக் குறி போட்டபோது, பட்டியலில் இந்தத் தொழிலே இல்லாததால் மருத்துவமனை என்று அழுத்தித் தொலைத்தேன். மறுநாள் காலை கைலியோடு பல் துலக்கிக்கொண்டிருந்தவனிடம் ஒருவர் வந்து, “டாக்டர், மூணு நாளா வவுறு சரியில்ல” என்றார். பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் என் சொந்தக்காரர்கள், ஒரு போர்வெல்காரர், தினமும் ஹாய் சொல்லும் முகம் தெரியாத ஒரு வடக்கத்தி ஆள்.

இணையத்தில் எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் எங்கள் ஊரில் செல்லுபடியாவது ஒன்றுதான். கைராசி. டாக்டருக்கும் அதுதான், டைலருக்கும் அதுதான். கடையைத் திறந்ததும் நடக்கும் முதல் போணி சரியில்லை என்றால் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஊர் இது. நான் மட்டும் என்ன யோக்கியம்? பகுத்தறிவு பேசிக்கொண்டே பிரிண்டிங் மெஷினுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறவன். அவள் துணைக்குப் போகும் முதல் பிரசவம் நல்லபடி நடந்தால் ஊர் கூப்பிடும். நடக்காவிட்டால் அதோடு சரி. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த முதல் பெண் கண்டமங்கலத்திலிருந்து வந்தாள். புருஷன் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனிக்குப் போய் வருகிறவன். பக்கத்தைப் பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டாள். வாரம் ஒருமுறை என் மனைவி போய் வந்தாள். வளைகாப்புக்கு நானும் போனேன். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு அவள் என் மனைவியின் கையைப் பிடித்திருந்ததைப் படம் எடுத்தேன். முகம் தெரியாது, கை மட்டும்தான். அவளைக் கேட்டுக்கொண்டுதான் பக்கத்தில் போட்டேன். அதுவரை ஏழெட்டு விருப்பக்குறி வாங்கிக்கொண்டிருந்த பக்கம் அன்று களைகட்டிவிட்டது. நான் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டினேன்.

தேதி நெருங்கிய வாரத்தில் ஒருநாள் காலை அந்தப் பெண் போன் செய்தாள்.

“அக்கா, நேத்துலேந்து உள்ள ஆடவே மாட்டேங்குது.”

“ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புமா. நானும் வர்றேன்.”

விழுப்புரத்தில்தான் ஆஸ்பத்திரி. வண்டியில் என் மனைவியைக் கொண்டுபோய் விட்டேன். ஸ்கேன் அறையிலிருந்து அவள் வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

“துடிப்பு இல்லையாம்” என்றாள்.

அப்போது என் மனதில் முதலில் வந்தது அந்தப் பெண் இல்லை. பக்கம்தான் வந்தது. பாக்கெட்டுக்குள்ளேயே கை போனைத் தடவியது. இவ்வளவு நாள் பிறத்தியார் சாவில் சோறு தின்றவனுக்கு, அது தன் வீட்டு வாசலில் வந்து நின்றதும் ஓடத்தான் தோன்றியது.

“செரி, இனிமே நீ உள்ள போயி இன்னா பண்ணப் போற? வா, வூட்டுக்குப் போலாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். “கொழந்த இல்லன்னா வலி வராதுன்னு நெனச்சிக்கினீங்களா?”

எனக்கு அதுவரை தெரியாது. மருந்து கொடுத்து வலி வரவைப்பார்கள், மற்ற எல்லாப் பெண்களையும் போலவே முக்கிப் பெற வேண்டும், முடிவில் அழுகைச் சத்தம் மட்டும் வராது என்பதெல்லாம் வராந்தாவில் நின்றுகொண்டு அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முடியும்வரை வெளியே வரவில்லை. வந்தபோது அவள் வலது கையில் நகம் பதிந்த தடம் வரிசையாக இருந்தது.

அந்தப் பெண்ணின் மாமியார் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

“ஏம்பா, ஊருக்கெல்லாம் புள்ளத்தாச்சி கையக் காட்டினீயே, கண்ணு படாதா? அன்னிக்கே சொன்னேன், எவன் கேட்டான். ஒம் பொண்டாட்டி காலெடுத்து வச்ச நேரம்.”

போட்டோவால் துடிப்பு நிற்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்தப் படத்தை எடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் பக்கத்தில் ஒரு கருத்து வந்தது. ‘இந்தம்மா கை வச்சா வெளங்குனாப்புலதான்.’ அழித்தேன். வேறு பெயரில் திரும்ப வந்தது. நான் சும்மா இருந்தேனா? இல்லாத பெண்கள் மூன்று பேரை முகப்படத்தோடு உண்டாக்கி, அக்கா கைராசிக்காரர், தங்கமான மனசு, சுகப்பிரசவம் என்று எழுத வைத்தேன். மனைவி அதைப் பார்த்தாள்.

“இந்தப் பொண்ண நீங்க பொடவக் கட போர்டுல போட்டீங்க இல்ல?”

“எது?”

“இந்த சுகப்பிரசவம். இது நகை அடகுக் கட போர்டுலயும் சிரிச்சிக்கினு இருக்கு.”

மூன்று பேரையும் என் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னாள். அவதூறு எழுதியவர்களை இருக்கட்டும் என்றுவிட்டாள். அதற்குப்பின் போன் வரவில்லை. கேட்டு வைத்திருந்த இரண்டு பெண்கள் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். மனைவி சமைப்பாள், துணி மடிப்பாள், கண்டமங்கலத்துப் பெண்ணுக்குப் பால் கட்டிக்கொண்டபோது என்ன செய்ய வேண்டும் என்று போனில் மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பாள். குழந்தை இல்லாவிட்டாலும் பால் வரும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் பக்கத்தில் போட்டிருந்த எண்ணுக்கு அழைப்பு வந்தது. அந்தப் போன் என் கையில்தான் இருக்கும். கூப்பிட்டது புது எண். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“சொல்லும்மா, எத்தனாவது மாசம்?” என்றேன், கல்யாணத் தரகன் குரலில்.

“எட்டுண்ணா. துடிப்பு நின்னுடுச்சுண்ணா. திண்டிவனத்துல சேத்திருக்காங்க. காலையிலேந்து வலிக்கு மருந்து வச்சிருக்காங்க. கண்டமங்கலத்து அக்கா எனக்கு ஒறவு. அவங்கதான் நம்பர் குடுத்தாங்க. ஒங்க வூட்டு அக்கா கைய வுடவே மாட்டாங்கன்னு சொன்னாங்க.”

“அக்கா ஊர்ல இல்லம்மா” என்றேன்.

ஊரில் இல்லாத அக்கா எனக்கு எதிரில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டிப் போனை வாங்கினாள். “நான்தாம்மா பேசறேன். யார் கூட இருக்காங்க ஒனக்கு? செரி. வர்றேன். நான் வர்ற வரைக்கும் கட்டில்ல மல்லாந்தே கெடக்காத, பக்கவாட்டுல படு.”

அவள் பையை எடுக்கும்போது நான் பின்னாலேயே நடந்தேன்.

“ரெண்டாவதும் இப்படின்னா நம்ம பேரு இன்னாத்துக்கு ஆவும்? செத்த கொழந்தைக்குப் போற பொம்பளன்னே ஊரு முடிவு கட்டிடும்.”

“கட்டட்டும்.”

“அப்புறம் எவ கூப்புடுவா ஒன்ன?”

“இவ கூப்ட்டா இல்ல?”

வண்டியில் போகும்போது காற்றுக்கு மேலே கத்தி ஒரு வரி சொன்னாள். பக்கத்தில் முதலில் தெரியும்படி போடச் சொன்னாள். குழந்தை தங்காத பிரசவத்துக்கும் துணைக்கு வருவேன். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து அந்த வரியை அடித்தேன். அடித்துவிட்டு, ஏற்றாமல் வைத்திருந்தேன். இதை ஏற்றினால் நல்ல சேதிக்காக ஒருத்தியும் கூப்பிடமாட்டாள் என்று ஒரு பக்கம் கணக்கு ஓடியது. டீக்கடைக்காரர் என் நரைத்த தலையை இரண்டு முறை பார்த்தார்.

“உள்ள யாருங்க, மருமவளா?”

“சம்சாரங்க.”

அவர் கேட்காமலே இன்னொரு டீ ஆற்றினார். வெயில் சாய்ந்து கடைப் பலகைக்கு வந்தபோது மனைவியிடமிருந்து செய்தி வந்தது. ‘பொண்ணு. தலை நெறைய முடி. மடியில கேட்டா, குடுத்திருக்கோம்.’

அதைப் படித்துவிட்டு அந்த வரியைப் பக்கத்தில் ஏற்றினேன்.

“சேதி வந்துச்சுங்களா? இன்னா கொழந்த?” என்றார் டீக்கடைக்காரர்.

“பொண்ணுங்க. தல நெறைய முடியாம்.”

“நல்லா இருக்குதுங்களா?”

“அம்மா மடியில இருக்குதுங்க” என்றேன்.