பெரியவளுக்குத் தெரிந்த வீடு

பாலத்தின் நடுவே வண்டி போகும்போது டிரைவரம்மா பின்னிருக்கைக்குக் குரல் கொடுத்துவிடுவார். "இப்ப ஆத்துல நீந்திட்டு இருக்கோம், பயப்படாதீங்க." டாஷ்போர்டில் பதித்த திரையில் அம்புக்குறி நீல நிறத்தின் மேல் தன்னந்தனியாக மிதந்துகொண்டிருக்கும். பாலம் கட்டுவதற்கு முன் போட்ட வரைபடம் அது. முதல்முறை ஏறியவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். வாடிக்கைக்காரர்களோ, "கரையேறினதும் எழுப்புங்கம்மா" என்று கண்ணை மூடிக்கொள்வார்கள்.

திரைக்குப் பக்கத்தில் ஒரு பிடியில் செல்போன் நிற்கிறது. அதற்குள்ளும் வழி சொல்லும் குரல் உண்டு. வண்டியோடு வந்தவள் பெரியவள், போனில் இருப்பவள் சின்னவள். அவர் வைத்த பெயர்கள்தான். பெரியவள் "வலப்புறம் திரும்பவும்" என்பாள். அதே மூச்சில் சின்னவள் "நேராகச் செல்லவும்" என்பாள். "பெரியவ பேச்சக் கேட்டா ஆத்துல இறங்கணும், சின்னவ பேச்சக் கேட்டா சந்துல மாட்டிக்கணும். ரெண்டு பேருக்கும் தலையாட்டிட்டு நான் என் வழியில போயிடுவேன்" என்பார்.

பெரியவளைப் புதுப்பித்துவிட வேண்டியதுதானே என்று கேட்காத ஆள் இல்லை. சர்வீஸ் சென்டர் மெக்கானிக்கும் வண்டி வரும்போதெல்லாம் கேட்டுப் பார்ப்பார். "பென் டிரைவ்ல போட்டு ஏத்திடலாம்மா. ஆனா நீங்க குறிச்சு வெச்ச இடமெல்லாம் அழிஞ்சு போனாலும் போயிடும். அதுக்கு நான் பொறுப்பில்ல." இந்தக் கடைசிப் பேச்சில் டிரைவரம்மா நழுவிவிடுவார். "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம் தம்பி."

அழிந்துவிடக் கூடாது என்று அவர் பொத்திக் காப்பது ஒரே ஓர் இடத்தை. திரையில் 'வீடு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பெரியவள் கூட்டிப்போவது டிரைவரம்மாவின் வீட்டுக்கு அல்ல, அவருடைய நாத்தனார் வீட்டுக்கு. வண்டியே நாத்தனாருடையதுதான். டிரைவரம்மாவின் கணவர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மூலையில் உட்கார்ந்து அழுதவரை எழுப்பி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தவர் அவர். "அழுகைய அப்புறம் வெச்சுக்கலாம், மொதல்ல கிளட்ச மிதி" என்று, கியரைப் பிடித்த கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாராம். பிறகு தன் பார்வை மங்கத் தொடங்கியதும் சாவியையே கொடுத்துவிட்டார்.

"நாத்தனார்னாலே ஆளுக்கு ஒரு புகார் வெச்சிருப்பாங்க. எங்க அண்ணி அப்படி இல்ல. இன்னிக்கு நாங்க நிமிந்து நிக்கிறோம்னா அவங்களாலதான்." இதை எல்லாச் சவாரிகளிடமும் சொல்வார், சொன்னவர்களிடமே மறுபடியும் சொல்வார். கேட்டுக் கேட்டுக் கணவருக்கு ஒரு கேலி கைவசம் உண்டு. "நான் பேருக்குத்தான் வீட்டுக்காரன். இவ வண்டிக்கு வீடு எங்கக்கா வீடு."

சவாரிகளில் பாதிப் பேர் டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர்கள். அப்படித்தான் ஒரு கோடை மதியம் தையல்காரர் ஒருவரைத் திரும்ப ஏற்றி வந்தார். பாலத்தில் ஏதோ பழுதுவேலை என்று வண்டிகளையெல்லாம் வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். வெயிலில் சூடேறிச் சின்னவள் அணைந்துபோனாள். பெரியவள் வெகு தெம்பாக ஒரு தெருவைக் காட்ட, அது புதிதாக எழுப்பிய ஒரு மதில்சுவரில் போய் முட்டி நின்றது. பின்னால் தையல்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. "தலைய சுத்துதும்மா. ஏதாச்சும் ஒரு வீட்டுல நிறுத்து, கொஞ்சம் படுக்கணும்" என்றார்.

வீடு என்ற சொல் காதில் விழுந்ததும் டிரைவரம்மாவின் விரல் தானாகப் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டது. பழைய சந்துகள் பெரியவளுக்கு மனப்பாடம். இப்படி அப்படி வளைத்து நாத்தனார் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். நாத்தனார் கட்டிலில் கிடந்த துணிகளை ஒரே அள்ளாக அள்ளி இடம் பண்ணினார். "வந்தவர மொதல்ல படுக்க வை, யாரு என்னங்கறத அப்புறம் பேசலாம்." நாத்தனாரின் போனில் டயாலிசிஸ் நர்ஸைக் கூப்பிட்டு, அவர் சொன்னபடி தலையணைகளை அடுக்கித் தையல்காரரின் காலை உயர்த்தி வைத்தார்கள். மெல்ல மெல்ல முகத்தில் தெளிவு வந்தது. பிறகொரு நாள் தையல்காரர் அந்தத் தலையணைகளுக்குப் புது உறை தைத்துக் கொடுத்தனுப்பினார், ஓரத்தில் பூ வேலையோடு.

எல்லாம் நல்லபடியாக முடிந்தும் அந்த மதில்சுவர் டிரைவரம்மாவின் மனதை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு அண்ணி வீடு பக்கத்தில் இருந்தது. இன்னொரு நாள் இல்லாமல் போனால்? "என்ன நம்பித்தானே கண்ண மூடுறாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு காலையில் மெக்கானிக்கிடம் போய் நின்றார். "ஏத்திடுங்க தம்பி."

பாலம் வந்தது, வீடு போய்விட்டது. பொத்தானை அழுத்தியபோது, 'வீடு குறிக்கப்படவில்லை' என்று திரை கைவிரித்தது.

"அட்ரஸ் சொல்லுங்கம்மா, போட்டுத் தர்றேன்" என்றார் மெக்கானிக்.

"வேணாம் தம்பி, நானே போட்டுக்கறேன்."

போனில் விஷயத்தைக் கேட்ட கணவர், "இப்பவாச்சும் நம்ம வீட்டப் போடு" என்று சிரித்தார். பிறகு அவரே, "போயிட்டு வா, அக்கா வீட்லதான் இருப்பாங்க" என்றார்.

பாலத்தின் மேல் அம்புக்குறி முதல்முறையாகச் சாலையில் போனது. நாத்தனார் வாசலில் ஹார்ன் அடித்ததும், அவர் கதவைத் தடவிப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"நீயா? என்ன இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல அண்ணி. ஒரு நிமிஷம் முன்சீட்ல வந்து உக்காருங்க."

உட்கார்ந்தவரின் கையைப் பிடித்துச் சுட்டுவிரலைத் திரைப்பக்கம் கொண்டுபோனார்.

"எனக்கு இதுல என்னடி தெரியப்போகுது?"

"நீங்க பாக்க வேணாம் அண்ணி, அழுத்துனா போதும்."

'இந்த இடமே வீடு' என்ற பொத்தானுக்கு முன்னால் அந்த விரல் இடம் தெரியாமல் தடவியது. டிரைவரம்மா அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினார்.