ராமாத்தாள் தேடிய பச்சை

ராமாத்தாள் வாயைத் திறந்தால் கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு லாரிக்காரன்கூட ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பான். கணவன் ரங்கசாமி இறந்தபின் கார்ப்பரேஷனில் அவன் பார்த்த துப்புரவு வேலை அவளுக்குக் கிடைத்தது. கூடவே அந்தத் தெருவின் சண்டை சச்சரவுகளையும் அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். குப்பையை நடுரோட்டில் கொட்டும் கடைக்காரன் முதல் லீவுக்கு இழுத்தடிக்கும் சூப்பர்வைசர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் குறைவு. அப்படிப்பட்டவளுக்கு வீரலட்சுமி மாதிரி ஒரு மகள் பிறந்ததுதான் வேடிக்கை. வீட்டில் நாலு வார்த்தை பேசும் பெண், பள்ளிக்கூட வாசலை மிதித்தால் ஊமையாகிவிடும்.

ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் பேச்சில்லை, எழுத்துமில்லை. வீட்டில் தமிழும் இங்கே மலையாளமுமாகப் பிள்ளை குழம்புகிறது என்று போன வருஷத்து டீச்சர் சொல்லிவிட்டார். பொள்ளாச்சியில் கயிறு மில்லில் வேலை பார்க்கும் அண்ணன் பிச்சைமணிக்கு அது போதுமானதாக இருந்தது. “இங்க அனுப்பிரு. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சேத்துவிட்டா எல்லாம் தானா வரும்” என்று போன் பண்ணும்போதெல்லாம் சொன்னான். அண்ணன் நல்லவன். அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. மகள் இல்லாத வீட்டுக்கு எப்படித் திரும்புவது என்றுதான் ராமாத்தாளுக்குத் தெரியவில்லை. பெற்றோர் கூட்டம் வரட்டும், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று நாளைக் கடத்தினாள்.

அது 2008. இந்த வருஷத்து ஜிஷா டீச்சர் கம்ப்யூட்டர் அறையில் புதிதாக ஏதோ தொடங்கியிருந்தார். அது என்னவென்று வீரலட்சுமியே ஒருநாள் சொன்னாள்.

“மூணு பேர் சேந்து ஒரு கதை எழுதணும்மா. ஆளுக்கொரு கம்ப்யூட்டர். ஒருத்தர் எழுதறது மூணு ஸ்கிரீன்லயும் வரும். அஜ்மலுக்குச் சிவப்பு, மதுவந்திக்கு நீலம், எனக்குப் பச்சை.”

ராமாத்தாளுக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. நிறம் தெரியும்.

“அப்ப கூட்டத்துக்கு வந்து பச்சையைப் பாத்தாப் போதும், கேட்டியா” என்றாள். மகளின் முகம் சுருங்கியதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

கூட்டத்தன்று பச்சைப் புடவையே கட்டிக்கொண்டு போனாள். டீச்சர் கதைகளை ஒவ்வொன்றாகச் சுவரில் பெரிதாகத் தெரியவைத்தார். மற்ற கதைகளெல்லாம் கலர்கலராக வந்தன. வீரலட்சுமி குழுவின் கதை வந்தபோது சுவர் முழுக்கப் பச்சை. மேலிருந்து கீழ்வரை வேறு நிறமே இல்லை. ராமாத்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்து, “அவ்வளவும் என் மகளாக்கும்” என்றாள்.

ஜிஷா டீச்சர் மட்டும் சுவரையும் பிள்ளைகளையும் மாறிமாறிப் பார்த்தார். “நேற்றுவரை மூன்று நிறமும் இருந்ததே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மிளகுக் கிடங்கில் சுமை தூக்கும் அஜ்மலின் வாப்பா அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் சிவப்பைத் தேடினார், காணவில்லை.

“நீ ஒரு வரிகூட எழுதலையாடா?”

அஜ்மல் தலையைக் குனிந்துகொண்டான்.

“இதைப் பாக்கவா நான் லோடை விட்டுட்டு வந்தேன்? இனி கிரிக்கெட் பேட்டைத் தொட்டுப் பாரு, அப்புறம் தெரியும்.”

பையன் வீரலட்சுமியை ஒருமுறை பார்த்தான். மதுவந்தி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அஜ்மல் எழுதினான்.”

மெல்லிய குரல்தான். அது தன் மகளுடையது என்று ராமாத்தாளுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. நாலு பேர் நடுவில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. வீரலட்சுமி சுவரருகே போய் ஒவ்வொரு வரியாகத் தொட்டு மலையாளத்தில் சொன்னாள். கதையில் வரும் ஆடு மிளகு லாரியில் ஏறித் தூங்கிப்போவது அஜ்மல் எழுதியது. லாரி தூரத்து இடப்பள்ளியில் நின்றதும் ஆட்டைப் பார்த்து டிரைவர் அலறுவது மதுவந்தி எழுதியது. பச்சை ஒரு வரியோடு நின்றால் அம்மா தன்னைப் பொள்ளாச்சிக்கு அனுப்பிவிடும் என்று நேற்று இவள் அழுதிருக்கிறாள். இரண்டு பேரும் தாங்கள் எழுதியதை அழித்துவிட்டு, இவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மறுபடி எழுதிவிட்டார்கள்.

அஜ்மலின் வாப்பா மகனை இழுத்துத் தன்னோடு சேர்த்து நிறுத்திக்கொண்டார். சற்றுமுன் பெருமை பேசியதை நினைத்து ராமாத்தாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“உன்னோடது எது கண்ணு?”

வீரலட்சுமி கடைசி வரியைத் தொட்டு, வாசித்தாள். மலையாளம் ராமாத்தாளுக்குக் கேட்டால் புரியும். ‘இடப்பள்ளியில் ஆட்டை எல்லாரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் அதற்கு அங்கே இருக்க இஷ்டமில்லை.’

ராமாத்தாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கு எதிரே இருந்த கடைக்கு அழைத்துப்போய், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கிக் கொடுத்தாள். யாருடையது பெரியது என்று மூன்றும் சண்டை போட்டுக்கொண்டன. அதில் வீரலட்சுமியின் குரலும் கேட்டது.

கடை வாசலில் நின்றபடியே பொள்ளாச்சிக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, அவ வரலை.”

“ஏன், எழுத ஆரம்பிச்சுட்டாளா?”

“ஒரு வரி எழுதியிருக்கா” என்றாள் ராமாத்தாள். “எனக்குத்தான் எழுதியிருக்கா.”