எந்தக் காலில் நின்றான்?

எங்கள் கொடகவெல தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் இன்று நான்கு வயது சதீஸ் முதல்முறையாக ஒற்றைக் காலில் நின்றான்.

மூன்று மாதமாகச் சுவரைப் பிடித்தே பழகியவன், இன்று கையை விட்டான். நான் ஐந்து எண்ணும்வரை விழவில்லை.

மாலையில் அவன் அம்மா குவைத்திலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் இங்க வர்றப்ப தவழ்ந்துகிட்டு இருந்தான் டீச்சர்."

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எந்தக் காலுல நின்னான்?"

நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"வலது காலுலதாம்மா," என்றேன்.

"எனக்கும் வலது காலுதான் டீச்சர் பலம்," என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டாள்.

நாளை அவன் இடது காலில் நின்றால் அவளிடம் சொல்லவா, வேண்டாமா? பிள்ளை பெற்றவர்கள் சொல்லுங்கள்.