கன்னிகள் குப்பியில் புழு

"நோயாளியே இல்லாத இடத்துல எதுக்குடா டாக்டராகணும்னு வந்து நிக்கிற?"

நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமல் டெஸா கோவால்ஸ்கி கேட்டாள். பள்ளி முடித்த கோடை அது. மருத்துவக் கல்லூரி வேண்டுமென்றால் ஆய்வக அனுபவம் வேண்டும் என்று ஊரே சொன்னதால், மில்வாக்கியில் ஒரு பழ ஈ ஆய்வகத்தில் குப்பி கழுவிக்கொண்டிருந்தேன். "மனித குலத்துக்கு உதவத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"மனித குலம் இருக்கட்டும். அந்தப் பஞ்சை மூடு, ஈ பறக்குது."

டெஸா கல்லூரி மாணவி. மயங்கிக் கிடக்கும் ஈக்களைச் சின்னத் தூரிகையால் ஆண் வேறு, பெண் வேறு என்று ஒதுக்குவாள். ஆணோடு சேராத பெண் ஈக்களை விடிந்ததும் வந்து பொறுக்கிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து அம்மா அழைத்தால், "இரும்மா, கன்னிகளைப் பொறுக்கிட்டு இருக்கேன்" என்பாள். அம்மா உடனே அழைப்பைத் துண்டித்துவிடுவார். வேண்டாத ஈக்களைத் தட்டும் சாராயப் புட்டிக்குப் பிணவறை என்று பெயர். "என் கையில செத்தவங்க கணக்கைப் பார்த்தா நான் எப்பவோ டாக்டர்" என்பாள்.

டெஸாவும் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள்; அந்த நேர்காணலுக்கு என்னைக் கேள்வி கேட்க வைத்துத்தான் ஒத்திகை.

"உங்கள் தோல்வி ஒன்றைச் சொல்லுங்கள்."

"அளவுக்கு மீறி உழைச்சுடறேன் சார்."

"இதெல்லாம் ஒரு தோல்வியா?"

"டேய், இது தேய்ச்சுப் பளபளப்பாக்கின தோல்வி. எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கும்."

நானும் அன்றே கித்தார் கற்காமல் விட்டதைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

மாணவர் ஆய்வுக் கண்காட்சிக்கு முந்தின நாள், கன்னிகள் குப்பியில் புழு நெளிந்தது. புழு என்றால் ஈயின் பிள்ளை; கன்னிக்கு ஏது பிள்ளை? எங்கோ ஓர் ஆண் ஈயைப் பெண் என்று உள்ளே விட்டிருக்கிறாள். அவளுடைய ஆய்வு முடிவு முழுக்க இந்த ஈக்களை நம்பித்தான். பேராசிரியர் லிண்ட்க்விஸ்ட் அவளுக்கு எழுதும் பரிந்துரைக் கடிதமோ அந்த முடிவை நம்பித்தான்.

"பிணவறையில தட்டிடு. யாருக்குத் தெரியும்?" என்றேன், மனித குலத்துக்கு உதவ வந்த நான்.

டெஸா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லா கொழுகொழுன்னு இருக்குதுங்க" என்றாள். நேரே போய்ப் பேராசிரியர் கதவைத் தட்டினாள்.

"டாக்டர் லிண்ட்க்விஸ்ட், என் கன்னிகள் பிள்ளை பெத்துட்டாங்க."

உள்ளே ஒரு நீண்ட பெருமூச்சு. "அப்ப அந்தக் கடிதத்தை முதல்லேருந்து எழுதணும்."

காது சிவக்க வெளியே வந்தாள். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. விண்ணப்பிப்பவர்கள் அதைப் படிக்கும் உரிமை வேண்டாம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

டாக்டர் படிப்புக்கு ஓடும் பிள்ளை யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், தோல்வியைத் தேய்க்க உட்காருவதற்குள் இதைச் சொல்லிவிடுங்கள். மறுநாள் கண்காட்சியில், டெஸாவின் அழகான வரைபடத்தின் குறுக்கே அவளே சிவப்பு மையில் போட்ட ஒரு பெருக்கல் குறி இருந்தது. கழுத்துப்பட்டை கட்டிய நடுவர் ஒருவர், "என்னம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். டெஸா பையிலிருந்து அந்தப் புழுக் குப்பியை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.