சூரியன் மேல் போட்ட கோடு

ஃப்ளோரன்ஸை நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கும். ராயபுரத்தில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினோரு வருஷமாக மாத்திரை கொடுப்பவள், ஒப்பந்த வேலை. நான் ரகுபதி, அங்கேயே ரத்தப் பரிசோதனை செய்பவன், கொஞ்சம் வாய்க்கொழுப்பு உள்ளவன்.

புதிதாக வந்த டாக்டர் டெபோரா சனிக்கிழமைதோறும் எங்களை உட்காரவைத்து, "இந்த வாரம் நம்மகிட்ட என்ன தப்பு நடந்துச்சு? பேசிக் கத்துக்கலாம்" என்பார். தானாகப் போய்த் தலையைக் கொடுக்க நாங்கள் என்ன பைத்தியமா? மூன்று வாரம் எல்லோரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் பார்க்க ஆரம்பித்தவன் நான்தான்.

நாலாவது வாரம் மீனவர் லியோனார்ட் நெற்றித் தையலைப் பிரிக்க வந்தார். படகில் மயங்கி விழுந்தவர். வெயில் என்றுதான் அவரே நினைத்திருந்தார். ஃப்ளோரன்ஸ் மட்டும், சர்க்கரை மாத்திரையை எப்போது போட்டீர்கள் என்று கேட்டாள்.

"சூரியன் வந்தவொடனே போட்டுக்கினேம்மா. நீதான கவர்ல சூரியன் மேல கோடு போட்டுக் குட்த்த?"

"சாப்ட்டது எப்போ?"

"கடல்ல ஏது சோறு? ஏலம் முடிஞ்சி வூட்டுக்குப் போவ பத்து மணி ஆவும்."

அவள் மாத்திரைக் கவர் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று கவரில் அச்சடித்திருக்கும். காலையில் போட வேண்டியது என்று காட்ட, சூரியன் மேல் ஒரு கோடு போட்டு எல்லோருக்கும் அப்படியே கொடுத்துவிடுவாள். வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை சர்க்கரையை இறக்கி ஆளையே சாய்த்திருக்கிறது. படகுக்கு வெளியே விழுந்திருந்தால்?

"அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் முடியுது. கையெழுத்துப் போட வேண்டியது டாக்டரம்மாதான். கம்முனு இரு," என்றேன்.

சனிக்கிழமை அவள் எழுந்து நின்றாள். கையில் ஒரு தாள் இருந்தது.

"மேடம், லியோனார்ட் அண்ணன் வெயில்ல வுழல. என்னாலதான் வுழுந்தாரு. நீ எப்ப சாப்புடுவன்னு பதினோரு வருசமா நான் யாரையும் கேட்டதில்ல. இந்த மாத்திர வாங்குற கடல்காரங்க முப்பத்தாறு பேரு கீறாங்க. பேரெல்லாம் எழுதிக்கினு வந்துகீறேன்."

இப்படியும் ஒரு மனுஷியா!

டாக்டர் தாளை வாங்கிப் படித்தார். "மாத்திரை எழுதிக் கொடுத்தது நான். நானும்தான் கேக்கல," என்றார். "இன்னைக்கே முப்பத்தாறு வீட்டுக்கும் போவோம்."

"என் வேல, மேடம்?"

"உங்கள அனுப்பிட்டா இதையெல்லாம் எனக்கு யார் சொல்லுவா?"

பிறகு வழக்கம்போல, "வேற யாராவது?" என்று கேட்டார்.

மின்விசிறி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"போன மாசம் ரெண்டு பேர் ரத்தக் குப்பியில பேர மாத்தி ஒட்டிட்டேன், மேடம்."