பூமணியின் மண்பெட்டி

அரிவரி வகுப்பை நினைத்தால் எனக்கு எழுத்துக்கு முன்னே நகக்கண்ணில் ஏறிய மணலின் எரிச்சல்தான் வரும். கரையில் அள்ளி, அரித்து, வெயிலில் காயவைத்த மணலை வாயகன்ற சிறு ஓலைப்பெட்டிகளில் பரப்பி, பிள்ளைக்கு ஒன்றாகப் பாக்கியம் ரீச்சர் தருவார். அதில் விரல் தேய எழுதி, தடவி அழித்து, திரும்பத் திரும்ப எழுதினால்தான் சிலேற்றைத் தொடவிடுவார். முதல் எழுத்து எல்லோருக்கும் 'அ' அல்ல. அவரவர் பெயரின் முதல் எழுத்துத்தான். "தன்ரை பேரை எழுத ஆசைப்படாத பிள்ளை உண்டோ?" என்பார். நீர்வேலியிலிருந்து பஸ்ஸேறி வருகிற அவருக்கு எங்கள் வடகரைப் பிள்ளைகளின் ஆசை எப்படித் தெரிந்ததோ!

அறுபதுகளின் தொடக்கம் அது. ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பினால் எங்கள் கடலில் தொழில் செய்ய முடியாது. வகுப்பில் நாலைந்து பிள்ளைகளின் குடும்பங்கள் சட்டி பானையோடு மன்னார்ப் பக்கம் போய், கடற்கரையில் ஓலைக்குடில் போட்டு, பங்குனி வரை அங்கேயே தொழில் செய்வார்கள். அந்தக் குடிலைத்தான் 'வாடி' என்போம். ஐயா சந்தியில் கடை வைத்திருந்ததால் எங்களுக்குக் காற்று மாறினாலும் வீடு மாறாது. என் பக்கத்தில் இருந்த பூமணி வாடிக்குப் போகிற பிள்ளை. போகிறவர்களின் பெட்டிகளை ரீச்சர் மணலோடு துணியில் பொதிந்து கூரை வளையில் கட்டித் தூக்கிவிடுவார். பங்குனியில் உப்புக்காற்றில் கறுத்துப்போய் அவர்கள் வந்து நின்றால், பெட்டியை இறக்கிக் கையில் கொடுத்து, "விட்ட இடத்திலை இருந்து தொடங்கு பிள்ளை. கடலும் ஓடிப்போகேல்லை, எழுத்தும் ஓடிப்போகாது" என்பார். அந்த வருடம் பூமணி விட்ட இடம் 'பூ'.

எனக்கு வாய் நீளம். வீட்டில் பெயரே 'வாய்க்காரி' தான். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று ஐயா பெருமைப்படுவார். அம்மாவோ "உந்த வாயாலை ஆர் கெடப்போகினமோ" என்பார். அம்மா சொன்னதுதான் நடந்தது.

மாசி மாதம், பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற அதிகாரியான வித்தியாதரிசி வந்தார். வெள்ளைக் காற்சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக எங்கள் வகுப்புக்குள் வந்தவர், மாணவர் வரவு பதிகிற இடாப்பைக் கையில் எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். வாடிப் பிள்ளைகளில் முதலில் வந்தது பூமணியின் பெயர். சத்தமில்லை. ரீச்சர் மெல்ல, "அவவுக்குக் காய்ச்சல் ஐயா, இண்டைக்கு வரேல்லை" என்றார். பொய் சொல்லக்கூடாது என்று காலையில் எங்களைச் சொல்லவைத்த அதே ரீச்சர்! அவருக்கு மறந்துபோயிற்று, நாம் எடுத்துக் கொடுப்போம் என்றுதான் எழும்பினேன். இதை நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. "இல்லை ஐயா, பூமணி வாடிக்குப் போட்டாள். ஐப்பசியிலை போனவள். அங்கை பாருங்கோ, அவளின்ரை பெட்டி" என்று வளையைக் காட்டினேன். வித்தியாதரிசி நிமிர்ந்து பெட்டிகளைப் பார்த்தார், குனிந்து இடாப்பைப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்று சட்டைப்பையிலிருந்த சிவப்பு நீலப் பென்சிலை எடுத்துத் தந்தார்.

அந்த இடாப்பில் பூமணி ஒருநாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை வெட்டவேண்டும், வெட்டினால் அடுத்த தையில்தான் திரும்பச் சேர்க்கலாம் என்பது சட்டம். தையில் வாடிப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? அதற்காகத்தான் ரீச்சர் வருடாவருடம் அந்தப் பொய்யை எழுதி வந்திருக்கிறார்.

ஒரு கிழமையில் அவருக்கு மாற்றம் வந்தது, எங்கோ வன்னிப் பக்கம். போகிற அன்று என்னைக் கூப்பிட்டார். அடிக்கப்போகிறார் என்று அழத் தொடங்கினேன். "நீ பொய் சொல்லேல்லை பிள்ளை, அழாதை" என்று தன் சேலைத் தலைப்பால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். அடித்திருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன்.

புதிதாக வந்த ரீச்சரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். படங்கள் கொண்டுவந்தார், ஆடிப்பாடப் பழக்கினார், எல்லோருக்கும் முதல் நாளே சிலேற்று. மண்பெட்டி ஊத்தை என்று வளையில் தொங்கியவற்றையும் அவிழ்த்து முற்றத்தில் கொட்டச் சொன்னார். கொட்டியவர்களில் நானும் ஒருத்தி.

பங்குனியில் பூமணியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளின் அம்மா வந்தார்.

"பேர் வெட்டியாச்சு. தையிலை கூட்டிக்கொண்டு வாங்கோ."

"தையிலை நாங்கள் இஞ்சை நிக்கமாட்டம் ரீச்சர்."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

பூமணி அவர்களைக் கவனிக்கவேயில்லை. அண்ணாந்து வளையையே பார்த்துக்கொண்டு நின்றவள், என்னிடம் வந்து, "என்ரை பெட்டி எங்கையடி?" என்றாள். "தெரியாது" என்றேன். உண்மைக்குப் பென்சில் வாங்கியவள் அந்த வகுப்பில் சொன்ன முதல் பொய் அதுதான். பென்சிலும் அப்போது தீரும் தறுவாயில் இருந்தது.

அடுத்த தையிலும் அவர்கள் வாடியில்தான். அதற்கடுத்த வருடம் தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவளை மறித்துவிட்டார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் அவளைக் கெடுத்தேன். ஆனால் சிநேகிதம் மட்டும் விடவில்லை. கலியாணம் கட்டிய பிறகும் வந்த கடிதங்களையெல்லாம் என்னிடம்தான் கொண்டுவருவாள், "இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லடி" என்று. கையெழுத்துக் கேட்கிற இடத்தில் 'பூ' என்று ஓர் எழுத்துப் போடுவாள். வடிவான எழுத்து. பாக்கியம் ரீச்சரின் மண்ணில் பழகியதல்லவா!

இப்போது பள்ளிக்கூடம் இருந்த வளவில் எருக்கலை நிற்கிறது. குடும்பத்தோடு வாடிக்குப் போகிறவர்களும் எங்கள் கரையில் இல்லை. பூமணி கனடாவில் மகனோடு இருக்கிறாள். எழுதத் தெரியாததால் போனில் குரலைத்தான் பதிந்து அனுப்புவாள்: "எடியே வாய்க்காரி, சாப்பிட்டியோ?" பதில் பேசும்போது அன்று நடந்ததைச் சொல்லிவிட எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். கேட்காமலே எழும்பி நின்று பேசிய வாய் இதற்கு மட்டும் திறக்குதில்லை. எழுதி அனுப்பினால் மகன்தான் வாசித்துக் காட்டவேண்டும். அவன் வாயால் அவள் அதைக் கேட்கக்கூடாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். யார் வாசித்தாலும் பூமணி இதை வாசிக்கமாட்டாள் என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.